சீனி போடாத கேக்

டிசம்பர் 2, திங்கள்

அண்ணனை இன்று மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்தோம். இடது காலில் சுண்டுவிரல் இல்லை. கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் நீட்டிக்கொண்டு, "கால்விரல வச்சி நான் என்ன பியானோவா வாசிக்கப் போறேன்?" என்றான். நான் சிரித்துவிட்டேன். மதினி சிரிக்கவில்லை.

வந்ததும் வராததுமாக மதினி அடுக்களைக்குள் போனாள். வருகிறவர்களுக்கென்று ஒளித்து வைத்திருந்த சீனி டப்பா, கருப்பட்டி, ரஸ்க், ஜாம் புட்டி, பாதி தீர்ந்த பூஸ்ட் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வடிவிடம் கொடுத்தாள். "கொண்டு போ. இனி இந்த வீட்டுக்குள்ள ஒரு பொட்டு இனிப்பு கெடையாது." வடிவு எட்டு வருடமாக இங்கே வேலை செய்கிறாள். கீழே அண்ணன் வீடு, மேலே மாடியில் என் ஒற்றை அறையும் சின்ன அடுக்களையும், இரண்டையும் அவள்தான் பெருக்கித் துடைக்கிறாள்.

சாயங்காலம் மதினி மாடிக்கு வந்தாள். அவள் படியேறி வருவது அபூர்வம்.

"பிலோமி, கிறிஸ்துமஸுக்குக் கேக் இல்லாம எப்படி? அவிய திங்குற மாதிரி ஒண்ணு போட முடியுமா? ஓவன் ஒங்கிட்டதான இருக்கு."

டப்ளினில் நர்ஸாக இருக்கும் அண்ணன் மகள் ஆன்ஸி இந்த வருடம் லீவு கிடைக்காமல் வரவில்லை. அவள்தான் செய்முறையை அனுப்பியிருக்கிறாள். மைதா கிடையாது, சீனி கிடையாது. பாதாம் மாவில் செய்கிற சாக்லேட் கேக்.

"நான் பாத்துக்கிடுதேன் மைனி" என்றேன்.

மதினி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் அப்படிப் பிடிக்கிற ஆள் இல்லை. எனக்குக் கையை இழுத்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. ஏன் என்று இப்போது எழுத வேண்டாம்.

டிசம்பர் 4, புதன்

முதல் கேக். பாதாமை மிக்சியில் பொடித்துச் சலித்தேன். ஒரு சுற்று அதிகமாக ஓடிவிட்டால் எண்ணெய் விட்டு உருண்டையாகிவிடுகிறது. கோகோ, முட்டை, வெண்ணெய். சீனிக்குப் பதில் எரித்ரிட்டால் என்று ஒரு வெள்ளைப் பொடி. பார்வைக்குச் சீனியேதான். ஆன்ஸி அங்கிருந்தே ஆர்டர் போட்டு அனுப்பிவைத்தாள்.

நடுவில் குழி விழுந்துவிட்டது. அடியில் வெண்ணெய் கசிந்தது. வாயில் போட்டால் நாக்கில் சில்லென்று ஒரு குளிர்ச்சி. அண்ணன் ஒரு துண்டைத் தின்றுவிட்டு, "கேக்கு தின்ன மாதிரி இல்ல. பல்லு வெளக்குன மாதிரி இருக்கு" என்றான்.

மதினி மட்டும், "மொத தடவைக்கு நல்லாதான் வந்திருக்கு" என்றாள்.

டிசம்பர் 5, வியாழன்

மதினி ஜெபமாலைக்குக் கோயிலுக்குப் போனாள். அண்ணனுக்குத் துணையாகக் கீழே இருந்தேன். சந்தோஷமாக இருந்தான்.

டிசம்பர் 7, சனி

வடிவு அண்ணன் அறையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கட்டிலுக்கடியில் எறும்பு வரிசையைப் பார்த்து மதினியைக் கூப்பிட்டிருக்கிறாள். எறும்பு கட்டில் கால் வழியாக மெத்தைக்கு ஏறியிருந்தது. மெத்தையைத் தூக்கினால் எண்ணெய்த்தாள், அதில் மக்ரூன் தூள். தூத்துக்குடியில் பிறந்த எவருக்கும் அந்தத் தூளைப் பார்த்தால் தெரியும். முந்திரியும் சீனியும் முட்டையின் வெள்ளைக்கருவும். அதில் பாதிக்குமேல் சீனி.

நான் இறங்கிப் போனபோது மதினி அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"யாரு குடுத்தா?"

அண்ணன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏங்க, ஒங்களத்தான் கேக்கேன். ஒரு விரல எடுத்து பத்து நாளுகூட ஆகல. யாரு வாங்கிக் குடுத்தா?"

"பழசு. எப்பவோ உள்ளது."

"பழசுல எறும்பு இப்பமா ஏறும்?"

அவன் போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டான். நானும் ஒன்றும் சொல்லவில்லை. கேட்டது என்னையல்லவே.

டிசம்பர் 9, திங்கள்

இரண்டாவது கேக்குக்கு முட்டை அடித்துக்கொண்டிருந்தேன். கீழே மதினிக்கும் வடிவுக்கும் ஏதோ பேச்சு. பீட்டர் மிஷின் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை. வடிவை நிறுத்திவிட்டதாக மதினி பிறகு சொன்னாள். தினமும் மார்க்கெட் போய் வருகிற வழியில்தான் பேக்கரி. வேறு யார் வாங்கி வந்திருக்க முடியும் என்றாள்.

கேக்கில் முட்டை வாடை. இதுவும் சரியில்லை.

டிசம்பர் 10, செவ்வாய்

நேற்று எழுதியது பொய். வடிவு வாசலுக்கு வரும்போதே நான் பீட்டரை நிறுத்திவிட்டேன். பால்கனியில் நின்று எல்லாவற்றையும் கேட்டேன்.

மதினி வெளிக்கதவைப் பிடித்துக்கொண்டு, "எட்டு வருசமா ஒன்ன ஒரு வார்த்த சொல்லிருப்பனா? அவிய கெஞ்சுனா நீ எங்கிட்டல்லா வந்து சொல்லிருக்கணும். ஒருத்தர் கால வெட்டுத அளவுக்கு ஆனபொறவும் குடுத்திருக்கியே" என்று கத்தினாள். எதிர்வீட்டு மெர்ஸி டீச்சர் கோலப்பொடி டப்பாவோடு அப்படியே நின்று பார்த்தாள். அவளுக்குப் பக்கத்து வீட்டு ஆளும் வந்துவிட்டார்.

"நான் குடுக்கல. எம்பிள்ள மேல சத்தியமா நான் குடுக்கல" என்றாள் வடிவு. பிறகு தலையைத் தூக்கி மாடியைப் பார்த்தாள்.

நான் உள்ளே வந்துவிட்டேன். பீட்டரைத் திரும்பவும் போட்டேன்.

நாளை மதினியிடம் சொல்லிவிடுவேன்.

டிசம்பர் 11, புதன்

சொல்லவில்லை.

வடிவு இல்லாததால் காலையில் கீழே போய்ப் பாத்திரம் கழுவினேன். மதினிக்கு முழங்கால் வலி. "ஒனக்கு எதுக்குக் கஷ்டம்" என்று சொல்லிச் சொல்லி என்னோடு நின்றாள். என் கை சோப்பு நுரைக்குள் இருந்தது நல்லதாகப் போயிற்று.

அவள் மருந்து வாங்கப் போன நேரம் அண்ணனிடம் கேட்டேன். "வடிவு பாவம்லா? நீ சொல்லேன்."

"நீ சொல்லு."

"ஒன் பொண்டாட்டி. நீதான் சொல்லணும்."

"இப்ப சொன்னா டெல்பின் ரெண்டு பேரையும் கொன்னுபோடுவா. பண்டிக கழியட்டும். வடிவுக்கு என்ன, ஊருல வேற வீடா இல்ல?" வாசலைப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "இருக்கா?" என்றான்.

இருந்தது. கொடுத்தேன்.

எழுதத் தொடங்கிவிட்டேன், முழுவதையும் எழுதிவிடுகிறேன். அண்ணன் துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்ற புதிதில் ஒருநாள் மத்தியானம் மாடிக்கு வந்தான். யாருக்கோ கொடுக்க மக்ரூன் வாங்கி வைத்திருந்தேன். இரண்டு எடுத்துத் தின்றான். தின்றுகொண்டே பேசினான். அப்பா எங்கள் இருவரையும் முதல் தடவை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போனது, நான் வாந்தி எடுத்து அப்பாவின் புதுச் சட்டையைக் கெடுத்தது. அவ்வளவு சிரித்து எனக்கு எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. நானும் டெலிபோன்ஸில் விருப்ப ஓய்வு வாங்கி வீட்டில் உட்கார்ந்திருந்த காலம். மறுநாளும் வந்தான். மக்ரூன் தீர்ந்து ஒரு வாரம் நான் வாங்கவில்லை. அந்த வாரம் அவன் வரவில்லை. பிறகு நான் வாங்காமல் இருந்ததே இல்லை.

அவனுக்குச் சர்க்கரை நோய் என்று எனக்குத் தெரியும். கெஞ்சினான், பாவமாக இருந்தது, கொடுத்தேன் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அவன் கெஞ்சியதில்லை. அவன் கேட்பதற்கு முன்னாலேயே நான் தட்டில் எடுத்து வைத்திருப்பேன்.

டிசம்பர் 13, வெள்ளி

மார்க்கெட்டில் வடிவைப் பார்த்தேன். முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். திரும்பிப் போய்விடலாம் என்று பார்த்தேன், அதற்குள் அவள் என்னைப் பார்த்துவிட்டாள்.

"வேல கெடச்சுதா வடிவு?" என்றேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"யக்கா, ஒங்க ரூம்புக் குப்பைய தெனமும் அள்ளுனவ நான். அந்த எண்ணெத்தாளு எந்தக் குப்பக்கூடையில கெடக்கும்னு எனக்குத் தெரியாதா?"

நான் பையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நான் ஒங்க மைனிகிட்ட சொன்னேன். அடுக்களையில வச்சு, யாருக்கும் கேக்காம, மேல யக்காகிட்ட கேளுங்கன்னுதான் சொன்னேன். அதுக்குப் பொறவுதான் என்னைய வாசலுக்கு இழுத்தாவ. 'எங்க பிலோமியவா சொல்லுத? அவ அண்ணனுக்காவ உசுர விடுதவ. அவமேல பழி போடுதியா'ன்னாவ." வடிவின் கண்ணில் தண்ணீர் இல்லை. கோபம்தான் இருந்தது. "நான் குடுத்தேன்னு நெனச்சதுக்குக்கூட இல்ல. ஒங்களச் சொன்னேம்லா, அதுக்குத்தான் என்னைய நிறுத்துனாவ."

முருங்கைக்காயைப் போட்டுவிட்டு, எதுவும் வாங்காமல் போய்விட்டாள்.

டிசம்பர் 15, ஞாயிறு

காலைப் பூசையில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசை நின்றது. நானும் நின்றேன். என் முறை வந்தபோது கோபம், பொறாமை, ஜெபத்தில் கவனக்குறைவு என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

மூன்றாவது கேக் நன்றாக வந்தது. எரித்ரிட்டாலை மிக்சியில் மாவாக அரைத்தேன், நாக்கில் குளிர்ச்சி குறைந்தது. மஞ்சள் கருவைத் தனியாக, வெள்ளைக்கருவைத் தனியாக நுரைக்க அடித்துக் கடைசியில் மெதுவாகக் கலந்தேன். கொஞ்சம் காப்பித்தூளும் ஒரு சிட்டிகை உப்பும். குழி விழவில்லை.

மதினி ஒரு நுனியைக் கிள்ளி வாயில் போட்டாள். அவள் முகம் மலர்ந்தது. "அவிய நம்பமாட்டாவ! நெசம் கேக்குன்னே நெனைப்பாவ." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீ இல்லன்னா நான் என்ன செஞ்சிருப்பேன்?"

இப்போது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். "மைனி, வடிவு விஷயம்…" என்று ஆரம்பித்தேன்.

அவள் கையைக் காட்டி என்னை நிறுத்தினாள். "அவ சொன்னது ஒன் காதுக்கு வந்துட்டா? வந்திரும்னு தெரியும். அத நெனச்சு நீ வெசனப்படாத. நான் ஒரு நிமிசம்கூட நம்பல."

"சரி மைனி" என்றேன்.

டிசம்பர் 17, செவ்வாய்

அண்ணனுக்குக் காய்ச்சல். கட்டைப் பிரித்தபோது பக்கத்து விரலும் கருத்திருந்தது. வாடை அடித்தது. வீட்டு மிஷினில் சர்க்கரை முந்நூற்று எண்பது. ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குப் போனோம். வழியெல்லாம் மதினி அவன் காலை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தாம் தேதி, பதினொன்றாம் தேதி, நேற்று முன்தினம். திரும்பி வந்தபிறகு கொடுத்தது இவ்வளவுதான் என்று ஆட்டோவில் எனக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். 'இவ்வளவுதான்' என்றால் என்ன அர்த்தம்?

டிசம்பர் 18, புதன்

டாக்டர் சின்ன வயசுக்காரர். "புண்ணு பழசு, ரத்த ஓட்டமும் கம்மி. ஆனா சர்க்கர இந்த அளவுக்கு இருந்தா எப்படிம்மா ஆறும்? வீட்டுல இனிப்பு எதுவும் சாப்பிடுறாரா?"

"ஒரு பொட்டு கெடையாது டாக்டர்" என்றாள் மதினி. "வேலக்காரி ஒருத்தி குடுத்துட்டிருந்தா, அவளையும் நிறுத்தியாச்சு. கிறிஸ்துமஸ் கேக்குகூட சீனி போடாமத்தான். இந்தா, இவதான் செஞ்சிருக்கா." என் தோளில் கையை வைத்தாள்.

டாக்டர் என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

"மைனி, வடிவு இல்ல. நான்தான்."

அவளுக்கு விளங்கவில்லை. "என்ன நான்தான்?"

"மக்ரூன் குடுத்தது. வடிவு சொன்னது நெசம்."

தோளில் இருந்த கையை அவள் எடுக்கக்கூட மறந்துவிட்டாள். நான் சொல்லிக்கொண்டே போனேன். எப்போதிருந்து, எப்படி என்று. "ஆஸ்பத்திரிலருந்து வந்தபொறவுமா?" என்று ஒன்றுதான் கேட்டாள். ஆமாம் என்றேன்.

கையை எடுத்துக்கொண்டு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள். எதிரே ஒரு பெண் பிளாஸ்கைத் திறந்து யாருக்கோ கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். மதினி அதையே பார்த்துக்கொண்டு பேசினாள்.

"சாயங்காலமானா மேல நீங்க ரெண்டு பேரும் சிரிக்குத சத்தம் கேக்கும். நான் கீழ கெடந்து அவியளுக்குக் கோதும ரவையக் கிண்டிட்டு இருப்பேன். அண்ணனும் தங்கச்சியும் பேசிக்கிடுதாவ, நாம எதுக்குன்னு ஒருநாளும் படியேறுனதில்ல. எறங்கி வந்தா எங்கிட்ட பேச ஒரு வார்த்த இருக்காது அவியளுக்கு. சோத்தக் கொறச்சவ, சீனிய ஒளிச்சவ, ஊசி போடுதவ. வேற என்னவா நெனச்சாவ என்னைய?"

"மைனி…"

"நாலு மக்ரூனக் குடுத்து அவியள எங்கிட்டருந்து வாங்கிட்டியே பிலோமி."

நான் அழுதேன். அவள் அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, "வீட்டுக்குப் போய் அவியளுக்கு ரெண்டு வேட்டி எடுத்துட்டு வா. பீரோவுல கீழ்த்தட்டு" என்றாள்.

டிசம்பர் 19, வியாழன்

இன்னொரு விரலையும் எடுத்தார்கள்.

டிசம்பர் 21, சனி

மதினி என்னோடு பேசுவதில்லை. தேவையானதை மட்டும் சொல்கிறாள். பேரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

அவள் குளிக்க வீட்டுக்குப் போயிருந்தபோது அண்ணன், "சொல்லிட்டியாமே" என்றான்.

"ஆமா."

"டெல்பின் எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. ரெண்டு ஏச்சு ஏசுனாக்கூடப் பரவால்ல." முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். "நீ ஏன் குடுத்த பிலோமி?"

எனக்கு அப்படிக் கோபம் வந்தது. கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். நீ ஏன் தின்ற என்று கேட்க வாய் வரை வந்தது. அவன் காலில் சுற்றியிருந்த துணியைப் பார்த்ததும் கேட்க முடியவில்லை.

மதினி திரும்பி வந்தபோது என்னைப் பார்க்காமலே, "வடிவுக்கு என்ன செய்யப் போற?" என்றாள்.

டிசம்பர் 22, ஞாயிறு

பூசை முடிந்து ரயில்வே கேட்டைத் தாண்டி வடிவின் வீட்டைத் தேடிப் போனேன். இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூடப் போனதில்லை. வாசலில் குடங்களை வரிசையாக வைத்துத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். என்னை உள்ளே கூப்பிடவில்லை.

மதினியிடம் சொல்லிவிட்டேன், திரும்ப வேலைக்கு வா என்றேன்.

"சொல்லிட்டீங்களா? சந்தோசம்." குடத்தை மாற்றி வைத்தாள். "ரெண்டு வீட்டுல வேல கேட்டேன் யக்கா. ஒரு வீட்டுல, சீக்காளிக்கு மிட்டாய் குடுத்து வெரல எடுக்க வச்சது நீதானான்னு கேட்டா. மெர்ஸி டீச்சர் சொல்லிருக்காவ. ஒங்க மைனிக்கு மட்டும் தெரிஞ்சு எனக்கு என்ன?"

"நான் என்ன செய்யணும் வடிவு?"

"என்னைய வாசல்ல வச்சுல்லா பேசுனாவ? நீங்களும் வாசல்ல வச்சே சொல்லுங்க. டீச்சர் கேக்கணும். பக்கத்து வீட்டு ஆளும் கேக்கணும்."

கிறிஸ்துமஸ் கழியட்டுமே என்று வாயில் வந்தது. அது அண்ணன் சொன்ன வார்த்தை என்று நினைவு வந்ததால் சொல்லாமல் இருந்தேன். சரி என்றேன். குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. அவள் உள்ளே போய்விட்டாள்.

டிசம்பர் 23, திங்கள்

பாதாம் பொடித்தேன். கேக் தட்டுக்கு வெண்ணெய் தடவித் தாள் வெட்டி வைத்தேன். நாளை சொல்ல வேண்டியதை ஒத்திகைபோல மூன்று நான்கு விதமாகச் சொல்லிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் எப்படியாவது எனக்காக ஒரு சமாதானம் நுழைந்துவிடுகிறது.

டிசம்பர் 24, செவ்வாய்

காலையில் அண்ணனைக் கூட்டி வந்தோம். சக்கர நாற்காலியை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். அதை முன்னறையில் வாசலைப் பார்த்தபடி மதினிதான் நிறுத்தினாள்.

பத்து மணிபோல் வடிவு வந்தாள். வெளிக்கதவுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டாள். நான் எதிர்வீட்டுக்குப் போய் மெர்ஸி டீச்சரைக் கூப்பிட்டேன். அவள் பலகாரம் தருவதற்காகக் கூப்பிடுகிறேன் என்று நினைத்து ஒரு தட்டோடு வந்தாள். பக்கத்து வீட்டு ஆள் ஸ்டார் விளக்குக்கு வயர் இழுத்துக்கொண்டிருந்தவர் ஏணியிலிருந்து இறங்கி வந்தார்.

சொன்னேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"சத்தமா சொல்லுங்க யக்கா" என்றாள் வடிவு.

"அண்ணனுக்கு மக்ரூன் வாங்கிக் குடுத்தது நான். வடிவு குடுக்கல. அவளுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது. தெரிஞ்சும் நான் பேசாம இருந்தேன். அவள இந்த வாசல்ல வச்சுப் பேசும்போதும் மேல நின்னு கேட்டுட்டுதான் இருந்தேன்."

மெர்ஸி டீச்சர் வெற்றுத் தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "சரி விடுங்க பிலோமினா. பண்டிக நாளும் அதுவுமா எதுக்கு இதெல்லாம்."

"பண்டிக நாளுலதான் டீச்சர் எனக்கு வேல இல்லாமப் போச்சு" என்றாள் வடிவு. டீச்சருக்கு முகம் சுருங்கிவிட்டது.

உள்ளேயிருந்து அண்ணன் குரல் வந்தது. "வடிவு, எனக்கும் தெரியும். நானும் வாயத் தொறக்கல. தப்புதான்."

"ஆமா, தப்புதான்" என்றாள் வடிவு. திரும்பி நடந்தாள்.

மதினி செருப்புகூடப் போடாமல் அவள் பின்னாலேயே போனாள். தெருமுனையில் இருவரும் வெகுநேரம் நின்றார்கள். மதினி இரண்டு கையையும் கூப்பியதைப் பார்த்தேன். வடிவு அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

சாயங்காலம் கேக்கை ஓவனில் வைத்தேன். வீடெல்லாம் சாக்லேட் வாசனை. அது வேறு யார் வீட்டு வாசனையோபோல இருந்தது.

டிசம்பர் 25, புதன்

பூசை. பிறகு ஆன்ஸி வீடியோவில் வந்தாள். "அத்தை, கேக்கக் காட்டுங்க!" என்றாள். காட்டினேன். நன்றாக உப்பியிருந்தது, மேலே லேசாக வெடிப்பு, வெடிப்புக்குள் கறுப்பாக ஈரம். அவளுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. மதினி அவளிடம் சிரித்துப் பேசினாள். போனை வைத்ததும் சிரிப்பையும் வைத்துவிட்டாள்.

அண்ணன் ஒரு துண்டு தின்றான். இந்தத் தடவை விளையாட்டாக ஒன்றும் சொல்லவில்லை. "நல்லாருக்கு" என்றான், என்னைப் பார்த்து அல்ல, மதினியைப் பார்த்து. "டெல்பின், நீயும் ஒரு துண்டு எடு." அவள் வேண்டாம் என்றாள்.

மத்தியானம் மாடியில் படுத்திருந்தேன். படியில் மெதுவாகக் காலடி. முழங்காலைப் பிடித்துப் பிடித்து மதினி ஏறி வந்தாள். கையில் சர்க்கரை பார்க்கும் மிஷின். என் முகத்துக்கு நேரே நீட்டினாள். கேக் தின்ற பிறகு அண்ணனுக்கு நூற்று ஐம்பத்தாறு. நான் அதைப் பார்த்து முடிக்கும் வரை நீட்டிக்கொண்டே நின்றாள். பிறகு இறங்கிப் போய்விட்டாள்.

டிசம்பர் 28, சனி

வடிவு ஜனவரியிலிருந்து வேலைக்கு வருகிறாளாம். படிக்கட்டுக்கடியில் நின்று மதினி சொன்னாள். "கீழ மட்டும்தான் பாப்பாளாம். மேல வரமாட்டாளாம். சரின்னு சொல்லிட்டேன்."

"சரிதான் மைனி" என்றேன்.

கடைக்குப் போய் ஒரு விளக்குமாறும் மாப்பும் வாங்கி வந்தேன்.

ஜனவரி 2, வியாழன்

கீழே வடிவின் சத்தம் கேட்கிறது. மதினியும் அவளும் மீன்காரனைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். நான் அறையைப் பெருக்கித் துடைத்தேன். குனிந்தால் இடுப்பைப் பிடிக்கிறது. அண்ணன் இனிப் படியேற மாட்டான். நான் இறங்கிப் போய்ப் பேசலாம், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. போகவில்லை.

ஜனவரி 4, சனி

அண்ணன் மத்தியானச் சாப்பாடு முடிந்து தூங்கிக்கொண்டிருந்தான். மதினி மாடிக்கு வந்தாள். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை. ஓவனைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு கேக் போடுதியா?"

"அண்ணனுக்கா மைனி? பாதாம் இருக்கு. எரித்ரிட்டாலும் கொஞ்சம் மிச்சம் கெடக்கு."

"அவியளுக்கு இல்ல. எனக்கு."

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"சீனி போட்டது" என்றாள். "மைதா, சீனி, எல்லாம் போட்டு. அவியளுக்குச் சர்க்கரன்னு சொன்ன அன்னைக்கி நானும் விட்டேன். அவிய முன்னால வச்சு நான் எப்படித் திங்க? கல்யாண வீட்டுல பாயசம் ஊத்த வந்தாக்கூட எலைய மூடிருவேன். ஒம்பது வருசமாச்சு." பிறகு, "கீழ வேண்டாம். இங்கனயே தின்னுக்கிடுதேன்" என்றாள்.

சீனி என்னிடம் இல்லை. ஓடிப் போய் வாங்கி வந்தேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து நான் முட்டை அடிப்பதையும் மாவு சலிப்பதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கேக் ஆறும் வரைகூட அவள் பொறுக்கவில்லை. சூட்டோடு ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தேன். தட்டை மடியில் வைத்துக்கொண்டு, குனிந்து, சின்னப் பிள்ளை மாதிரி வேகவேகமாகத் தின்றாள். தானே இன்னொரு துண்டு வெட்டிக்கொண்டாள். பாதியில் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைக்காமல் தின்று முடித்தாள்.

கீழே அண்ணன் விழித்துவிட்டான். "டெல்பின்… டெல்பின்…" என்று கூப்பிட்டான்.

"இந்தா வாரேன்" என்று குரல் கொடுத்துவிட்டு மதினி எழுந்தாள். சேலையில் விழுந்திருந்த தூளைத் தட்டிவிட்டாள். என் அடுக்களைக் குழாயைத் திறந்து வாயை இரண்டு முறை கொப்பளித்தாள். முந்தானையால் உதட்டை அழுத்தித் துடைத்துக்கொண்டு, படியிறங்கிப் போனாள்.

நான் தட்டைக் கழுவி வைத்தேன்.